நல்லா இருக்கிறவன் போட்ட வழக்கு

வெளியே பார்த்தால் எனக்கு எந்தக் குறையும் தெரியாது. கை, கால் நேராக இருக்கின்றன. முடி வளர்ந்து தலையில் இருந்த தழும்பை மூடிவிட்டது. சிரித்தால் பழைய சிரிப்புதான். "இதுதான் நம்ம கேஸுக்கே பெரிய கஷ்டம்" என்று எங்கள் வக்கீலம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "கால் போயிருந்தா ஜட்ஜ் கண்ணால பாத்துக்கிடுவாரு. உங்களுக்குப் போனது தலைக்குள்ள. அதை எப்படிக் காட்ட?"

விபத்துக்கு முன்னால் நான் புளியங்குடியில் ஒரு எலுமிச்சை கமிஷன் கடையில் ஏலம் கூறிக்கொண்டிருந்தேன். வீடு தென்காசியில். விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவேன். விவசாயிகள் கொண்டுவந்து கொட்டிய குவியல்களுக்கு நடுவே நின்று, சுற்றிலும் நிற்கிற வியாபாரிகள் விரலாலும் தலையாட்டலாலும் கேட்கிற விலையை எல்லாம் மனசுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசியாகக் கேட்டது யார், எந்தக் குவியல் எவ்வளவில் நிற்கிறது என்று ஒன்றும் பிசகாமல் கூவ வேண்டும். நான் பேனா தொட்டதில்லை. "இவன் மண்டைக்குள்ள ஒரு கணக்கப்பிள்ளை உக்காந்திருக்கான்வே" என்று கடை அண்ணாச்சி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்.

ஒரு சாரல் காலத்துச் சாயங்காலம், வடகரையில் ஒரு தோட்டக்காரரைப் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். அணையைப் பார்த்துவிட்டு வந்த ஒரு சுற்றுலா வேன் வளைவில் என்னை அடித்துத் தள்ளிவிட்டது. இப்படிச் சொல்கிறேனே தவிர, எனக்கு அது ஞாபகம் கிடையாது. தோட்டத்தில் இளநீர் குடித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாபகம், திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் என் மேல் குனிந்திருந்த மனைவியின் முகம். நடுவில் நடந்தது எல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான்.

உடம்பு தேறியதும் வேலைக்குப் போனேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஒருவர் எனக்கு மாலைகூடப் போட்டார். முதல் குவியலுக்குக் கூவ ஆரம்பித்தேன். ஒரு கேரளத்து வியாபாரி கேட்ட விலை என் காதில் விழுந்தது. அடுத்தவர் கேட்டதும் முந்தியது மறைந்துவிட்டது. கையில் பிடித்த தண்ணீர் போல. நான் நின்றேன். சுற்றி நின்றவர்களும் நின்றார்கள். பிறகு வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொல்லிச் சரக்கை யாருக்கோ முடித்துவிட்டேன். இரண்டு வியாபாரிகளுக்குள் சண்டை வந்தது. விவசாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி என் தோளில் கைபோட்டு அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க தம்பி" என்றார். அதுவரை என்னை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். 'எடுங்க' என்று சொன்னபோதே வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது.

வழக்குப் போடலாம் என்று சொன்னது என் மனைவி. அவள் தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கு அதில் இஷ்டமில்லை.

"நான் நல்லாத்தான இருக்கேன். எதுக்கு கோர்ட்டு?"

"நல்லா இல்லைங்கிறது உங்களுக்குத் தெரியல பாத்தீங்களா, அதாங்க சீக்கே" என்றாள்.

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. இப்போதெல்லாம் எனக்கு எதற்கும் கோபம் வருகிறது. குக்கர் விசில் அடித்தால் வருகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வருகிறது. கோபம் வந்தது தெரியும். அப்புறம் என்ன செய்தேன் என்பது பல சமயம் தெரியாது. எலுமிச்சை வாசனை, மல்லிகை வாசனை, கருவாடு வாசனை, ஒன்றும் கிடையாது. மூக்கு வெறுமனே மூச்சு விடுகிறது. இதையெல்லாம் வக்கீலம்மா கேட்டு எழுதிக்கொண்டார். என் குறைகளை நானே ஒருவருக்கு ஒப்பிப்பது, சட்டையைக் கழற்றிவிட்டு நடுத்தெருவில் நிற்பது மாதிரி இருந்தது.

ஊனம் எவ்வளவு என்று மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். திருநெல்வேலிக்குப் போனோம். பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டதால் அன்றைக்குத் தலை தெளிவாக இருந்தது. டாக்டர் என்ன கிழமை என்று கேட்டார், சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். மடமடவென்று கழித்துக்கொண்டே போனேன். எனக்கே பெருமையாக இருந்தது. திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் முகம் வாடிக்கிடந்தது. இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், நான் சரியான விடை சொன்னதற்கு வாடிப்போனாள். அடுத்ததைத் தப்பாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. சொல்லவில்லை. ஆனால் அந்த நினைப்பு வந்ததே, அது என்னை வெகு நாள் உறுத்தியது. பிறகு டாக்டர் சில வார்த்தைகளைச் சொல்லி, வேறு ஏதோ பேசிவிட்டு, அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். தப்பாகச் சொல்ல நான் ஒன்றும் பாடுபட வேண்டியிருக்கவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை.

தென்காசி கோர்ட்டில் வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கு முந்தின நாளும் மனைவி சரியாகச் சாப்பிட மாட்டாள். நான் என்ன சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். கடைசியில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். "ஞாபகம் இல்லைன்னா ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க, சொந்தமா ஒண்ணும் சேக்காதீங்க" என்று வக்கீலம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் சின்ன வயசுக்காரர். மரியாதையாகப் பேசினார். எடுத்த எடுப்பில், "சார், இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன் சார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. யாராவது கேட்டால் அப்படித்தானே சொல்லிப் பழக்கம். வக்கீலம்மா கண்ணை மூடித் திறந்தார்.

"ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?"

"எப்பவும் போடுவேன். அன்னைக்குப் போட்டது ஞாபகம் இல்ல."

அடுத்து அவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஐந்தருவி. தலையில் தண்ணீர் கொட்ட, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் மச்சினன் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டது.

"இது நீங்கதானே?"

"ஆமா."

"சந்தோஷமா இருக்கீங்க."

"ஆமா சார். சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

அந்த வீடியோ முடிந்த பிறகு நடந்தது அதில் இல்லை. துணி மாற்றிவிட்டு வெளியே வந்தவன், எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சிப்ஸ் கடைகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். எல்லாக் கடையும் ஒன்று போல இருந்தது. ஒரு கடைக்காரர் உட்கார ஸ்டூல் போட்டுக் கொடுத்து, என் போனை வாங்கி என் மனைவிக்குப் பேசினார். இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டதற்குத்தானே பதில் சொல்கிறோம் என்று இருந்துவிட்டேன்.

ஜட்ஜ் ஒரு கேள்வி கேட்டார். "வேற ஏதாச்சும் வேலைக்குப் போகலாமே?"

"போகலாம் ஐயா. போனேன். ஆனா அங்கன..." என்று ஆரம்பித்தேன். சொல்ல வந்தது நழுவிவிட்டது. தேடினேன். மின்விசிறி சத்தம் கேட்டது. டைப் அடிக்கிறவர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். வார்த்தை வரவே இல்லை. இறங்கச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா மெதுவாகச் சொன்னார்: "நீங்க பேசாம நின்னீங்களே, அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது." அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

அடுத்த வாய்தாவில் மனைவி சாட்சி சொன்னாள். அதற்கு முன்னால் வக்கீலம்மா என்னிடம் வந்து, "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்றார். மனைவியும், "போயிட்டு வாங்க, இங்கன எதுக்கு" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட விதத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் போகவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் என் பக்கம் திரும்பாமல் பேசினாள். வகுப்பில் பேசுகிற அதே தெளிவான குரல். நான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதைச் சொன்னாள். ஏலக் கடையை விட்ட பிறகு வேறு வேலைக்குப் போன இடத்திலும் எனக்கு இப்படியே ஆனதைச் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"போன வருஷம் அரைப்பரீட்சை லீவுல ஒரு நாள். நான் பேப்பர் திருத்த ஸ்கூலுக்குப் போயிருந்தேன். மக டியூஷன் முடிஞ்சு வந்து கதவைத் தொறந்தா வீடெல்லாம் கேஸ் வாடை. இவங்க டீ போடப் போயி, அடுப்பைத் திருகி வச்சிட்டு லைட்டரைத் தேடிக்கிட்டு இருந்திருக்காங்க. இவங்களுக்கு வாடை தெரியாது. கையில லைட்டர் கிடைச்ச நேரம் பிள்ளை கத்திக்கிட்டே ஓடிப்போய் கையைப் பிடிச்சிருக்கா. கத்துனது இவங்களுக்குத் தாங்கல. பிடிச்சுத் தள்ளிட்டாங்க. கதவு நிலையில இடிச்சு, புருவத்துக்கு மேல பிளந்துட்டு. தையல் போட்டோம்."

என் மகளுக்குப் புருவத்துக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு இருப்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது விழுந்தாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு பெரிய விஷயத்தை மனுவுல ஏன் சொல்லல?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"பிள்ளை சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா. அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னு."

"நஷ்டஈட்டுக்காக இன்னைக்குப் புதுசா சொல்றீங்கன்னு நான் சொல்றேன்."

"இதை அவங்க உக்காந்திருக்கும்போது சொல்லுததுக்கு எந்த நஷ்டஈடும் காணாது சார்" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. தையல் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டை வக்கீலம்மா எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

"நெசமா?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேங்க. அன்னைக்கே சொன்னேன். நீங்க குலுங்கிக் குலுங்கி அழுதீங்க. மறுநாள் எந்திரிச்சு, பிள்ளைக்கு நெத்தியில என்ன கட்டுன்னு கேட்டீங்க. இன்னொரு தடவை சொல்ல எனக்கு மனசு வரல. பிள்ளையும் வேண்டாம்னுட்டா."

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒரே பயம். தள்ளியதற்காக அல்ல, அதற்கான வலி அப்போது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இதையும் மறந்துவிடுவேனோ என்ற பயம். நாளைக்கு எழுந்து, அந்த வெள்ளைக் கோடு எப்படி வந்தது என்று மறுபடியும் அவளிடம் கேட்பேனோ என்ற பயம். 'நான் தள்ளினேன், நான் தள்ளினேன்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

மகள் வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அவள் முன்னால் நின்றேன்.

"ஏட்டி, நான் உன்னத் தள்ளினேனா?"

அவள் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள். "சொல்லிட்டியாம்மா?" என்றாள். பிறகு எழுந்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள். "நீ எங்க தள்ளினப்பா? உன் கைதான் தள்ளிட்டு."

ஏதாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த முறை மறக்கவில்லை. ஏன் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. எத்தனையோ நல்ல விஷயங்கள் தங்காத தலையில் இது மட்டும் தங்கிவிட்டது.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. கேட்டதைவிடக் குறைவு, பயந்ததைவிட அதிகம். வக்கீலம்மா எங்களுக்காக அதைத் தமிழில் படித்துச் சொன்னார். மனுதாரர் விபத்துக்கு முன் செய்துவந்த தொழிலை இனி எக்காலத்திலும் செய்ய இயலாதவர் என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரியை நிரூபிக்கத்தான் இத்தனை காலம் அலைந்தோம். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். வக்கீலம்மா வாழ்த்துச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். ஒரு நீதிபதியே எழுதிவிட்ட பிறகு, என்றைக்காவது மறுபடியும் ஏலம் கூறுவேன் என்று எனக்குள் ரகசியமாக வைத்திருந்த நம்பிக்கைக்கு அப்பீல் கிடையாது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அப்பீல் இருந்தது. மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். போன் மணி அடித்தாலே மனைவி எழுந்து நிற்கிற காலம் மறுபடியும் வந்தது. கடைசியில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசிக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடித்துக்கொண்டோம். வந்ததில் பெரும்பகுதி மகளின் படிப்புக்கும் என் வைத்தியத்துக்கும் என்று பாங்கில் இருக்கிறது.

இப்போது நான் இலஞ்சிப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் காலை நேரம் மட்டும் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். ஒரு நேரத்தில் ஒரு வேலை, பக்கத்தில் சத்தமில்லை. அதனால் சமாளிக்க முடிகிறது. மகள் திருநெல்வேலியில் காலேஜில் சேர்ந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் போன் பண்ணுகிறாள். சாப்பிட்டதைச் சொல்லுவாள், பாடம் நடத்தியதைச் சொல்லுவாள். எல்லாம் பேசி முடித்து வைக்கப்போகும் நேரத்தில் நான் ஒன்று கேட்பேன்.

"நேத்து நான் உன்கிட்ட கோவமா எதுவும் பேசினேனாம்மா?"

"இல்லப்பா" என்பாள் உடனே.

உண்மையாகத்தான் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியாது. பேசும்போது பக்கத்திலேயே இருக்கிற அவள் அம்மாவிடம் கேட்டால் தெரிந்துவிடும். இதுவரை கேட்டதில்லை.