பீலித் தண்ணீருக்கு மூன்று போத்தல்

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் என்னிடம் விட்டுப்போகும் குழந்தைகள் எல்லாம் குடிப்பது மலை ஊற்றிலிருந்து குழாயில் இறங்கிவரும் பீலித் தண்ணீர்தான். அதைப் பரிசோதிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் விரிவுரையாளர் வந்தபோது, இவர்களுக்கு இங்கே என்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். 'சமூகப் பங்காளித்துவம்' என்றார். அவர்களும் நாங்களும் சேர்ந்து வேலை செய்வதாம். இதற்கு முன்னும் படிவங்களோடு யார் யாரோ வந்திருக்கிறார்கள். ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

இவர் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார், திரும்பியும் வந்தார். அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது.

"தண்ணியிலை கிருமி இருக்கு. கொதிக்க வைக்காமல் குடிக்கக் குடுக்காதேங்கோ" என்றார்.

அன்றைக்கே பக்கத்து வீட்டு அக்கா என் காதில் போட்டார். "மேல ஹோட்டல் கட்டப் போறாங்களாம். தண்ணி கெட்டதுன்னு எழுதிட்டா நம்மள இங்கருந்து எழுப்புறது லேசு. அதுக்குத்தான் இந்த மிஸ் வருது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. முடிவை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். நான் தண்ணீரைக் கொதிக்க வைக்கவில்லை.

இரண்டாவது பரிசோதனைக்கு நாங்களே தண்ணீர் பிடித்துத் தருவோம் என்று அடம்பிடித்தேன். அவர் மறுக்காமல் மூன்று போத்தல்களைத் தந்தார். ஊற்றுக்கு ஒன்று, பீலிக்கு ஒன்று, பிள்ளைக் காம்பராத் தொட்டிக்கு ஒன்று. நான் கண்டி டவுனில் குடிதண்ணீர் வாங்கி வந்து, தொட்டியின் பெயர் ஒட்டியிருந்த போத்தலில் ஊற்றினேன். இதையும் கெட்டது என்று சொன்னால் அவர்களின் கள்ளம் பிடிபட்டுவிடும். அக்காவிடம்கூட நான் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்தவரின் முகத்தில் சந்தோஷம். "மற்ற ரெண்டும் பழுது. பிள்ளையள் குடிக்கிற தொட்டித் தண்ணி மட்டும் நல்லாயிருக்கு. எப்பிடியெண்டுதான் விளங்கேல்லை."

கடைத் தண்ணீரை நல்லது என்றே சொல்கிறார்; அப்படியானால் மற்ற இரண்டும் கெட்டது என்பதும் மெய்தான். "அது கடைத் தண்ணி மிஸ். நான்தான் மாத்தி ஊத்துனேன்."

"ஏன்?"

"நீங்க பொய் சொல்றீங்களான்னு பாக்க."

 "நீங்கள் இப்ப சொல்லாமல் விட்டிருந்தால், பிள்ளையள் குடிக்கலாம் எண்டு எழுதியிருப்பன்" என்றார். குரலில் கோபம் இருந்தது. உள்ளே ஒரு குழந்தை கோப்பையைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

மறுநாள் அவர் வரச் சொன்னபடி அக்காவும் நானும் ஆய்வுகூடத்துக்குப் போனோம். வாசலில் காவலாளி அடையாள அட்டையை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். யாரைப் பார்க்க, எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். என் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே விரிவுரையாளர் தண்ணீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் மூன்று வட்டத் தட்டுகளைக் காட்டினார். கடைத் தண்ணீர் ஊற்றிய ஒன்று தெளிவாக இருந்தது. மற்ற இரண்டிலும் புள்ளி புள்ளியாய் ஏதோ முளைத்திருந்தது.

அக்கா குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இது எங்க தண்ணிதான்னு எப்புடி நம்புறது?"

"நம்ப வேண்டாம். இன்னொருக்காப் பிடிச்சுக் கொண்டு வாங்கோ. பக்கத்திலை நிண்டு பாருங்கோ."

அப்படியே செய்தோம். இந்த முறை நான் ஒன்றையும் மாற்றவில்லை. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் மூன்று தட்டிலும் புள்ளிகள்.

ஊற்றுக்கு மேலே புதிதாக வெட்டிய கக்கூஸ் குழிதான் காரணம் என்று மாணவர்களோடு ஏறிப்போய்க் கண்டுபிடித்தோம். எங்கள் ஆட்களும் அவர்களும் சேர்ந்து, குழிக்கு மேலேயிருந்த இன்னொரு ஊற்றிலிருந்து குழாய் இழுத்தார்கள். ஹோட்டல் கதை மெய்யா என்று விரிவுரையாளரிடம் நேராகவே கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். அதை நான் பாதிதான் நம்பினேன்.

வேலை முடிந்த அன்று அறிக்கையில் போடப் படம் எடுக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். அக்கா மாட்டேன் என்று வீட்டுக்குள் போய்விட்டார். படத்துக்குக் கீழே என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டு, தமிழில் எழுதிக் காட்டச் சொல்லி, வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் நான் போய் நின்றேன்.