அணுகுண்டுக்கு உரு இல்லை

சங்கரன்கோவில் கோயில் வாசலில், இடுப்பில் மகளோடு உருத்தகடு விற்கும் கடை முன்னால் நிற்கிறேன். வீட்டுக்குள் பாம்பு வந்தால் பாம்பு உருவும், தேள் வந்தால் தேள் உருவும் வாங்கி உண்டியலில் போடுவது இங்கே வழக்கம். தட்டில் கண், கால், தொட்டில்கூட இருக்கின்றன. எனக்கு எது பொருந்தும் என்று தெரியவில்லை.

கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். கடலின் எதிர்க்கரையில் ஈரான். அணுகுண்டு செய்யக் கூடாது என்று வல்லரசுகள் அந்த நாட்டோடு நடத்தும் பேச்சுவார்த்தை மறுபடியும் தள்ளிப்போய்விட்டதாம். பஸ்ஸில் வரும்போது படித்தேன். ஊருக்கு வந்துவிடுங்கள் என்றால், "அதான் பேசிக்கிட்டு இருக்காவள்லா" என்கிறார். அவர்களோ கூடுகிறார்கள், கைகுலுக்குகிறார்கள், அடுத்த தேதியைச் சொல்லிவிட்டுக் கலைகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

"எதுக்குப் பயப்படுதிய, அதைச் சொல்லுங்க," என்கிறார் கடைக்கார அக்கா.

"அணுகுண்டுக்கு."

அவர் நிஜமாகவே தட்டைக் கிளறிப் பார்க்கிறார். "அது வாரதில்லயே. பேசாம ஆள் உரு எடுங்க. வீட்டுக்காரவுகளுக்குத்தான?"

"அவருக்குத்தான்." சொன்னதும் கூச்சமாக இருக்கிறது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கடையநல்லூர்க்காரருக்கும் பிள்ளைகள் உண்டு. எதிர்க்கரையிலும் கைக்குழந்தையோடு யாராவது நிற்பாள்.

"ஒண்ணு போதும்லா?"

"தட்டுல எத்தன இருக்குக்கா?"

அக்கா சிரிக்கிறார். "எல்லாத்தையும் அள்ளுதியளா? மத்தவுகளுக்கு அவுகவுக வீட்டுல போடுவாவ."

ஒவ்வொருவரும் தன் ஆட்களை மட்டும் காப்பாற்றப் பார்ப்பதால்தானே அந்தப் பேச்சும் நின்று நின்று போகிறது என்று எரிச்சல் வருகிறது. இருந்தும், ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு உண்டியலுக்கு நடக்கிறேன்.