தோற்றுப்போன இருபது கேசட்டுகள்

நல்லூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நின்ற அந்த நடுநிலைப் பள்ளியில், மதிக்கத்தக்க ஆள் என்று ஒருவர்கூட இல்லை என்பது மயிலாத்தாள் டீச்சரின் தீர்மானம். அதை அவள் மறைத்ததுமில்லை.

எண்பத்தேழில் அரசாங்கம் பள்ளிக்கு ஒரு டிவியும் ஒரு டேப் ரெக்கார்டரும் கொடுத்தது. தலைமையாசிரியர் அப்புசாமி டிவிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, உறை தைத்து மாட்டி, தன் அறையில் வைத்துப் பூட்டினார். ஆயுத பூஜைக்கு மட்டும் உறை கழன்றது. டேப் ரெக்கார்டர் ரிப்பேருக்கென்று அவர் வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

"பசங்க கை பட்டுக் கெட்டுப்போச்சுன்னா ஆருங்க டீச்சர் பதில் சொல்றது?" என்பார்.

'உன் கையில் இருபது வருஷமாகப் பள்ளிக்கூடமே கெட்டுப்போகிறதே, அதற்கு யார் பதில் சொல்வது?' என்று நினைத்துக்கொள்வாள்.

ஆனாலும் ஆறாம் வகுப்பு பி பிரிவு எடுத்த வீரணன் வாத்தியார்தான் அவளுடைய இளக்காரத்தில் முதலிடம் பெற்றவர். பள்ளி விட்டதும் பனியன் வேஸ்ட் வாங்கி விற்கப் போய்விடுவார். காலையில் தலையிலும் மீசையிலும் பஞ்சோடு வகுப்புக்கு வருவார். புதிய புத்தகம் ஒன்றை அவர் கையில் பார்த்தவர் கிடையாது.

எண்பத்தொன்பதில் மயிலாத்தாள் அஞ்சல் வழியில் எம்.எட். சேர்ந்தாள். சிறப்புப் பாடம் கல்வித் தொழில்நுட்பம். கேள்விப்பட்டதும் அப்புசாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏனுங்க டீச்சர், டிவி போடறதுக்கெல்லாமா படிப்பு வந்துருச்சு?"

"பூட்டி வெக்கறதுக்குத்தானுங்க படிப்பு வேண்டாம்" என்றாள்.

மே மாத வெயிலில் பல்கலைக்கழகத்துக்கு நேர்முக வகுப்புக்குப் போனாள். அங்கே பேராசிரியர் வெள்ளியங்கிரி, ஓவர்ஹெட் புரொஜெக்டர் எப்படி வேலை செய்யும் என்பதைக் கரும்பலகையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார். அசல் கருவி பின்னால் கண்ணாடி அலமாரியில் இருந்தது. பல்பு போய் மூன்று வருஷமாம். பழுத்துப்போன நோட்டிலிருந்து அவர் வாசிக்க, அறுபது ஆசிரியர்கள் தலை நிமிராமல் எழுதினார்கள். மயிலாத்தாள் பேனாவை மூடி வைத்துவிட்டு நூலகத்துக்குப் போனாள். அவள் படித்ததெல்லாம் அங்கே, தானாகப் படித்ததுதான்.

ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது பின்னக் கணக்கு. தன் ஏ பிரிவுக்குக் கேசட்டில் பாடம். வீரணனின் பி பிரிவுக்கு அவர் வழக்கமாக நடத்துவது. கடைசியில் இரண்டுக்கும் ஒரே தேர்வு. அப்புசாமி வீட்டுக்கே போய், அவர் மனைவி கேட்டுக்கொண்டிருந்த பக்திப் பாட்டை நிறுத்தி, டேப் ரெக்கார்டரை எடுத்து வந்தாள். சுற்றிலும் தையல் மிஷின்கள் இரைந்ததால், கரண்ட் போகும் நேரமாகப் பார்த்து, பேட்டரி போட்டு, சமையலறையில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தாள். இருபது பாடம், இருபது கேசட். ஒவ்வொரு வார்த்தையும் எழுதிவைத்துப் பேசியது.

தேர்வு முடிந்து ஐம்பதுக்குச் சராசரி எடுத்தாள். ஏ பிரிவு இருபத்தேழு. பி பிரிவு முப்பத்தொன்று.

மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். பஞ்சுத்தலை வாத்தியாரிடம் தோற்றுப்போயிருந்தாள். முகமெல்லாம் எரிய, மறுநாள் அவரிடமே போய் நின்றாள்.

"என்னங்க சார் பண்ணுனீங்க? கேள்வித்தாள் முன்னாலயே கெடச்சுதுங்களா?"

வீரணன் கோபப்படவில்லை. "அட ஏனுங்க டீச்சர். புரியாதவன் மூஞ்சிய பாத்தாலே தெரிஞ்சுபோகுமுங்க. அந்த எடத்துலயே நின்னுக்குவனுங்க. உங்க பொட்டி ஆரு மூஞ்சிய பாக்குமுங்க?"

தன் வகுப்புக்குத் திரும்பி நடந்தாள். அவர் சொன்னது சரி என்பதைவிட, சொன்னவர் அவர் என்பதுதான் அவளை உறுத்தியது.

அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த வெள்ளியங்கிரி முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அட்டவணையில ஏ-வையும் பி-யையும் இடம் மாத்திடுங்கம்மா. தொழில்நுட்பம் பயன் தரும்னு முடிவு வரணும். எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க?"

அந்த நிமிஷம் வரை உலகத்தில் வீரணனைவிடக் கீழே ஒரு வாத்தியார் இருக்க முடியாது என்று நினைத்திருந்தாள். இருந்தார். கோட்டு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மாத்தறதுன்னா எதுக்குங்க சார் பரிட்சை வெக்கச் சொன்னீங்க? வீட்டுல உக்காந்தே எழுதியிருப்பனே."

மாற்றவில்லை. கேசட் ஏன் தோற்றது என்று தனி அத்தியாயமே சேர்த்தாள். ஓடும் குரல் யாருக்காகவும் நிற்காது, கேட்கிற பிள்ளை எங்கே தடுக்கினான் என்று அதற்குத் தெரியாது என்று எழுதினாள். வீரணன் சொன்னார் என்று பெயரையும் போட்டாள். மனசே இல்லாமல் போட்டாள். வெள்ளியங்கிரி கையெழுத்துப் போடாமல் ஒரு வருஷம் இழுத்தடித்தார். தொண்ணூற்றிரண்டில் இரண்டாம் வகுப்பில் தேறினாள். பொய் அட்டவணை கொடுத்தவர்களில் நாலு பேர் முதல் வகுப்பு.

அதற்கப்புறம் கேசட்டுகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்தாள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு மணியோசை. மணி அடித்தால் டேப்பை நிறுத்தி, பிள்ளைகள் கணக்குப் போட, வரிசைக்குள் நடந்து பார்க்க வேண்டும். இந்த முறை சராசரி முப்பத்தாறு. வீரணனிடம் அதை அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தொண்ணூற்றாறில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. வழியனுப்பு விழாவில் அப்புசாமி, நவீனக் கல்விக்குத் தாம் கொடுத்த ஊக்கத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மயிலாத்தாள் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

புதிய இடத்தில் முதல் வகுப்பிலேயே தன் ஆராய்ச்சி அட்டவணையைப் பலகையில் எழுதிப்போட்டாள். ஒரு பயிற்சி மாணவி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"மேடம், இது தோத்துப்போன ஆராய்ச்சிங்களா?"

"ஆமாங்க கண்ணு, தோத்ததுதான். ஏன் தோத்துதுன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. ஜெயிச்சுதுன்னு எழுதறவங்க என் வகுப்புக்கு வரவே வேண்டாம்."