படகை இழுத்த ஜீப்

மதுரங்குளிச் சந்தியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் றவூபுக்கு ஒரு ஜீப் உண்டு. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவரும் அதிலிருந்துதான் தொடங்குவார். கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் உட்காருகிறவர் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் றவூபின் போனில் ஜீப்பின் படம் வந்துவிடும். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம். மகளின் படம் கேட்டால் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

வியாபாரம் அவருடைய வாப்பா விட்டுப்போனது. ஜீப் மட்டுமே அவர் தானாகச் செய்த காரியம். கொழும்பில் ஒரு டொக்டரிடம் வாங்கிய பழைய மொன்டேரோ. டொக்டர் அதை வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓட்டினார். றவூப் வீட்டுக்கும் கடைக்குமாக ஓட்டினார். இடையில் நல்ல தார் ரோடு. இருந்தும் பல வருடங்களாக அந்த ஜீப் ஒரு பாலைவனத்தைக் கடக்க ஆயத்தமாகிக்கொண்டே இருந்தது.

அவுஸ்திரேலியாக்காரர்கள் மனைவி பிள்ளைகளோடு செம்மண் காட்டில் ஜீப் ஓட்டிப்போகும் வீடியோக்களை அவர் பார்ப்பார். அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருக்கும். தன் வீட்டில் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை என்பதை அவர் கவனித்தாரோ தெரியாது. அவர்களுடைய குளிர்பெட்டியைக் கவனித்தார். அதேபோல ஒன்று வாங்கினார். அதற்காக இரண்டாவது பற்றரி வைத்தார். கூரையில் மடித்து விரிக்கும் கூடாரம் ஏற்றினார். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினார். முன்னால் கம்பியைச் சுற்றி இழுக்கும் வின்ச் பூட்டினார். ஆற்றைக் கடக்கும்போது இன்ஜின் மூச்சுவிடுவதற்கென்று கூரைவரை ஒரு குழாயும் வைத்தார். சந்தியில் வெள்ளம் வந்த வருடம் அந்த ஜீப்பைக் கடை மேட்டில் பத்திரமாக ஏற்றி விட்டுவிட்டு, முச்சக்கர வண்டியில் வீட்டுக்குப் போனார்.

சாமான் வைக்கப் பின்பக்கத்தில் இழுத்துத் திறக்கும் லாச்சிகளை அலுமாரி செய்கிற ஆசாரி ஒருவரிடம் செய்வித்தார். தேக்கு. பித்தளைக் கைப்பிடி. ஒவ்வொன்றுக்கும் பூட்டு. மணலில் புதைந்தால் தோண்டுவதற்கான மண்வெட்டி அதில் ஒன்றினுள் வெல்வெட் துணியில் படுத்திருந்தது.

அவருடைய மனைவி நஃபீஸா அதில் ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டும். அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள், இதில் எங்கே போவது என்று. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார். ஆகவே எங்கும் போகவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் அப்ரா புத்தளத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். வயது இருபத்தேழு. இரண்டு சம்பந்தங்கள் வந்து பேசி ஓய்ந்துபோயிருந்தன. மூன்றாவதாக வந்தவன் புத்தளத்துப் பிள்ளை, றிஸ்மின். டோஹாவில் ஒரு கம்பனிக் கணக்குப் பகுதியில் வேலை, லீவில் வந்திருந்தான். அப்ரா சில தடவை போனில் பேசிப் பார்த்து, உம்மாவிடம் ஓம் என்றாள். அவள் ஒன்றுக்கு ஓம் சொல்வது அந்த வீட்டில் அடிக்கடி நடப்பதல்ல. நஃபீஸா அன்றைக்கே இரண்டு ரக்அத் தொழுதாள். மகளுக்குச் சீதனமாகக் கட்டிய மாடி வீடு பூச்சு முடிந்து காத்திருந்தது. மாப்பிள்ளையின் உம்மா றஹ்மத் உம்மா வந்து, எல்லாரும் சுற்றியிருந்து உண்ணும் பெரிய சோற்றுத் தட்டான சஹன் ஒன்றில் கைவைத்துச் சாப்பிட்டால் பேச்சு முடிந்தது.

சஹனைப் பெண் வீட்டில் வைப்பதுதான் வழமை. றவூப் அதை மாம்புரிக் கடற்கரைக்கு மாற்றினார்.

றஹ்மத் உம்மாவுக்கு முழங்கால் ஏலாது என்று நஃபீஸா சொல்லிப் பார்த்தாள். அதற்குத்தானே ஜீப் என்றார் றவூப். வீட்டுக்குள் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட, குடும்பமாக ஒரு ட்ரிப் போனால்தான் மனிதரைத் தெரிந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான கருத்து அது.

நோன்புப் பெருநாள் கழிந்து வந்த போயா விடுமுறை தினத்தில் புத்தளம் போய்த் தாயையும் மகனையும் ஏற்றிக்கொண்டார்கள். றிஸ்மின் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினான். கூரையின் உயரத்தைக் கையால் எட்டிப் பார்த்தான். எட்டவில்லை. அதன் பிறகு அவன் முன் சீட்டில் இருந்து றவூபிடம் கேள்வி கேட்டான், றவூப் பதில் சொன்னார். பின்னால் மூன்று பெண்கள் குலுங்கிக்கொண்டு போனார்கள். கூரையில் கூடாரம், தண்ணீர்க் கலன்கள், உதிரிச் சில்லு, துணியால் கட்டிய பெரிய சஹன் தட்டு.

தென்னந்தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை இன்னும் கடலில். கயிற்றின் ஒரு முனையை ட்ராக்டர் சுருட்டிக்கொண்டிருந்தது. வலைக்காரர் நிக்கொலஸ், சாரத்தை மடித்துக் கட்டிய பெரிய மனிதர், ஜீப்புக்குக் கிட்ட வந்தார்.

“மொதலாளி, டயருக்குக் காத்தக் கொஞ்சம் இறக்கிப்போட்டுப் போங்க. இல்லாட்டி இதிலயே நிப்பாட்டுங்க.”

றவூபுக்கு இது தெரியும். மணலில் ஓட்டுவதற்குக் காற்றைக் குறைக்க வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடம், கழிப்பறைத் தொட்டி வாங்க வந்தவர்களிடம்கூட, பாடமாக ஒப்புவித்திருக்கிறார். ஆனால் காற்று இறங்கினால் டயர் பஞ்சர் ஆனதுபோலப் பிதுங்கும். ஜீப் தாழும். இரண்டு அங்குலம் உயர்த்திய வண்டி அது. அந்த உயரத்தைத்தான் மாப்பிள்ளை கையால் எட்டிப் பார்த்திருந்தான்.

“அது லொறிக்குத்தான் அண்ணே,” என்றார்.

ஜீப் ஒரு கரப்பந்துத் திடலின் நீளம் போயிருக்கும். பிறகு மெதுவானது. றவூப் இன்னும் மிதித்தார். பின் சில்லுகள் தங்களுக்குக் குழி தோண்டிக்கொண்டு அதில் குந்தின. பின்கதவு பக்கவாட்டில் திறப்பது. அதன் கீழ் விளிம்பு மணலுக்குள் போய்விட்டது. மணலைத் தோண்டினால்தான் கதவு திறக்கும். கதவு திறந்தால்தான் மண்வெட்டி வரும். நஃபீஸா கூரையிலிருந்து சஹனை இறக்குவித்து, அதன் மூடியை எடுத்துக்கொண்டு முழந்தாளிட்டுத் தோண்டத் தொடங்கினாள். திறந்த சோற்றின் மேல் கடற்காற்று மணலைத் தூவியது.

றஹ்மத் உம்மா உள்ளே வியர்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் லாச்சிகளோடு பின்னால் மாட்டிக்கொண்டது. அப்ரா கீழே நின்று தோளைக் கொடுத்தாள். கிழவி முழுப் பாரத்தையும் அதில் போட்டு இறங்கினார். அவரை ஒவ்வோர் அடியாக நடத்தி மீன்காரரின் ஓலைக் குடிசையான வாடி நிழலுக்குக் கூட்டிப்போனாள். றிஸ்மின் போனை உயர்த்திப் பிடித்து, புதைந்த சில்லைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான்.

அப்போதுதான் றவூபுக்கு வின்ச் ஞாபகம் வந்தது. பூட்டிய நாளிலிருந்து அதற்கு வேலை இருந்ததில்லை. தென்னைகள் எல்லாம் பின்னால். வின்ச் முன்னால். முன்னால் இருந்தது கடலும், கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு பைபர் படகும்தான். றவூப் கம்பியை இழுத்துக்கொண்டு போய்ப் படகின் மூக்கு வளையத்தில் கொளுவினார். கயிற்றடியிலிருந்து நிக்கொலஸ் வேண்டாம் என்று கையை வீசினார். றவூப் அதற்குப் பதில் கை வீசிவிட்டு ஸ்விச்சை அழுத்தினார்.

கம்பி விறைத்தது. ஜீப் அசையவில்லை. படகு வந்தது. மணலில் வழுக்கிப் போவதற்கென்றே செய்த அடிப்பாகம். ஆட்டமில்லாமல், அவசரமில்லாமல், ஒரு விருந்தாளியைப் போல ஜீப்பின் பக்கம் திரும்பி வந்தது. றவூப் ஸ்விச்சைத் தேடி அழுத்துவதற்குள் முன்விளக்குச் சட்டத்தில் மூக்கை வைத்து நொறுக்கிவிட்டு நின்றது.

கரைவலைக்காரர்கள் கயிற்றை விடாமலே சிரித்தார்கள்.

“படகு வேணுமெண்டா கேட்டிருக்கலாமே மொதலாளி,” என்றார் நிக்கொலஸ்.

“மாமா, இன்னொருக்காச் செய்ங்களன்,” என்றான் றிஸ்மின். “படகு திரும்புற இடம் வீடியோவுல விழல்ல.”

ட்ராக்டரைக் கழற்றித் தரும்படி றவூப் கேட்டார். வலை கரைக்கு வராமல் ஏலாது என்றார்கள். சஹனைத் தருகிறேன் என்றார். தவக்காலம், இறைச்சி தொடமாட்டோம் என்றார்கள். மணல் இல்லாமல் இருந்தாலும் தொட்டிருக்க மாட்டார்கள். றவூப் ஜீப்பின் நிழலில் குந்தினார். றிஸ்மினும் பக்கத்தில் குந்தினான். உடைந்த விளக்குச் சட்டத்துக்குப் பதில் எது நல்லது என்று இருவரும் நெடுநேரம் பேசினார்கள். மிகவும் ஒத்துப்போனார்கள்.

வாடியில் நிக்கொலஸின் மனைவி பாணும் மீன் ஆணமும் கொடுத்தாள். றஹ்மத் உம்மாவும் அப்ராவும் ஒரே கோப்பையில் தொட்டுச் சாப்பிட்டார்கள். இடையில் றிஸ்மின் ஒரு தடவை வந்தான். உம்மாவுக்கு எப்படி என்று கேட்கவில்லை. போனுக்குச் சார்ஜ் ஏற்ற வயர் இருக்கிறதா என்று அப்ராவிடம் கேட்டான். இருந்தது. கொடுத்தாள். அவன் போனதும் றஹ்மத் உம்மா கையை நக்கிக்கொண்டே சொன்னார்:

“மகள், இவன்ட மோட்டர் சைக்கிள் ஒண்டு வீட்டுல நிக்கிது. சீட்டுப் பொலித்தீன இன்னும் கழட்டல்ல. என்னை டொக்டருக்கிட்ட கொண்டுபோறது அடுத்த வீட்டு திரீவீல்காரன்.”

வலை வந்த பிறகு நிக்கொலஸ் டயர்களின் காற்றை இறக்கினார். ட்ராக்டர் இழுத்ததும் ஜீப் இலேசாக ஏறியது. திரும்பும் வழி முழுக்க றவூப் வின்ச்சின் கம்பி போதாது என்று விளக்கினார்.

சில நாட்களில் நஃபீஸாவின் அண்ணன் பாயிஸ் நாநா செய்தியோடு வந்தார். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. வீடு இப்போது அவசரமில்லை. ஜீப்பை மட்டும் அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் போதும்.

மாடி வீட்டைக் கேட்டபோது றவூப் கண் இமைக்கவில்லை. இப்போது தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போய், ஜீப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“வேற எதையாச்சும் கேக்கச் சொல்லுங்க மச்சான்,” என்றார். “கடையில பாதியக் கேக்கச் சொல்லுங்க.”

“புள்ளட வாழ்க்கை பெருசா, இந்தத் தகரம் பெருசா?” என்று நஃபீஸா கேட்டாள். றவூப் ஜீப்பின் மேலிருந்த கையை எடுக்கவில்லை. யோசிக்கிற முகம் வந்தது.

அந்த முகத்தை அப்ரா கதவு நிலையில் நின்று பார்த்தாள்.

“குடுங்க வாப்பா,” என்றாள். “குடுத்துப்போட்டு நீங்களும் அவர்கூடவே ஏறிப் போங்க. ரெண்டு பேருக்கும் நல்லாப் பொருந்தும். எனக்கு வேணாம்.”

பாயிஸ் சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அவள் உள்ளே போய்ப் போனை எடுத்தாள். றிஸ்மினுக்கு அல்ல, றஹ்மத் உம்மாவுக்கு. என்ன பேசினார்கள் என்பது வெளியே கேட்கவில்லை. கடைசியில் கிழவியின் சிரிப்பு மட்டும் போனுக்கு வெளியே வந்தது.

இப்போது கல்யாண வீடுகளில் றவூப் இந்தக் கதையைச் சொல்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பேராசைக்காரர்கள், வாகனத்தைக் கேட்டார்கள், மகளை விற்க நான் ஆளில்லை, முகத்துக்கு நேரே மறுத்துவிட்டேன் என்கிறார். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். றிஸ்மின் இணையத்தில் போட்ட வீடியோவை அவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். விழவில்லை என்று அவன் சொன்ன, படகு திரும்பும் இடம் அதில் நன்றாகவே விழுந்திருக்கிறது.

அப்ரா காலையில் சந்தியில் பஸ் ஏறிப் புத்தளத்துக்குப் போகிறாள். எதிரே கடை மேட்டில் ஜீப் நிற்கிறது. விளக்குச் சட்டம் புதியது. வின்ச்சின் கம்பி முன்பைவிட நீளமானது. திருப்பி நிறுத்தினால் தென்னைவரை எட்டுமாம். டயர்களில் காற்று நிறைய இருக்கிறது.