ஒத்திகை பார்த்த பதில்கள்

கடைத்தெருவில் உள்ள திரைச்சீலைக் கடையில், விலை உயர்ந்த துணியை அவளைத் தவிர வேறு யாரிடமும் வெட்டக் கொடுக்க முதலாளிக்கு மனசு வராது. அவள் கத்திரி வைத்தால் ஒரு நூல் பிசகாது. ஆனால் மாலையில் கூட்டம் மொய்க்கும்போது அவளை முன்பக்கம் நிறுத்தினால் போச்சு. குழல்விளக்கின் இரைச்சலும் பத்துப் பேர் பேச்சும் சேர்ந்து தலைக்குள் புகுந்துகொள்ளும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டால் மறுநாள்தான் ஆள் தேறுவாள். திமிர் என்றார்கள் கடையில் சிலர். கூச்சம் என்றார்கள் சொந்தக்காரர்கள். நாற்பதைத் தாண்டியும் அவளுக்கே காரணம் விளங்கவில்லை.

தங்கைதான் எங்கேயோ படித்துவிட்டு, பெரியவர்களுக்கும் ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் மையத்தில் நேரம் வாங்கினாள். காரணம் இதுதான் என்று ஒருவர் சொல்லிவிட்டால், தன்னைத் தானே திட்டிக்கொள்வதை நிறுத்திவிடலாம். அக்காவுக்கு அந்த ஒரே ஆசைதான்.

ஆனால் ஒருவர் கேள்வி கேட்கப் போகிறார் என்றால் அவளால் சும்மா இருக்க முடியுமா? தங்கையை எதிரே உட்கார வைத்து ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள். எங்கே சிரிப்பது, எங்கே தலையாட்டுவது, கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்தைப் பார்த்துச் சமாளிப்பது.

மையத்தின் அறையில் வெளிச்சம் மிதமாக இருந்தது. தரையில் தடித்த விரிப்பு. நாற்காலியை இழுத்தாலும் சத்தமில்லை. நிபுணர் அவள் வயதுக்காரி. கேட்கக் கேட்கப் பதில்கள் அச்சடித்த மாதிரி வந்தன. நிபுணரின் பேனா மட்டும் எதையும் எழுதாமல் நின்றது.

சிறுவயதைப் பற்றிக் கேட்கத் தங்கையை உள்ளே கூப்பிட்டார்.

"உங்க அக்கா ரொம்ப இயல்பாப் பேசுறாங்களே."

"இயல்பாவா? இவளா?" தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வாரமா என்னைத் தூங்க விடலைங்க. வீட்ல நான்தான் நீங்க. ஆனா உங்களை விடக் கொஞ்சம் கண்டிப்பான ஆளு."

அக்காவின் முகம் செத்துப்போனது. "வாயை மூடுடி." காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை போலப் பையை எடுத்தாள். "மன்னிச்சுக்கங்க. நான் கிளம்புறேன்."

"உக்காருங்க," என்றார் நிபுணர். "இப்படி ஒத்திகை பாக்குறது எப்பலேருந்து?"

இதற்கு அவளிடம் பதில் தயாராக இல்லை. விரிப்பைப் பார்த்தபடி யோசித்தாள்.

"பள்ளிக்கூடத்துல சேர்ந்ததுலேருந்து. 'சாப்டியா'ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போவேன்."

"எங்கிட்டக்கூட சொல்லலையே அக்கா." தங்கையின் சிரிப்பு நின்றிருந்தது.

"எல்லாரும் அப்படித்தான்னு நெனச்சேன்."

பேனா அப்போதுதான் ஓடத் தொடங்கியது. மீதிப் பதில்களை அவள் விரிப்பிடமே சொன்னாள். திணறித் திணறித்தான் சொன்னாள், ஆனால் அவை அவளுடைய பதில்கள்.

இன்னும் சில முறை வந்து பேசிய பிறகு நிபுணர் சொன்னார்: "ஆமாங்க, ஆட்டிசம்தான். என்ன உதவி வேணும்னு இனி சேர்ந்து யோசிக்கலாம்."

"யோசிக்கவே வேணாம்," என்றாள் அவள். கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு. "சாயங்காலம் என்னை முன்னாடி நிக்க வைக்கக் கூடாது."

நிபுணரே கடைக்கு வந்து பேசினார். முதலாளி காதைச் சொறிந்துகொண்டார். "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா. உன்னை அங்க நிறுத்திட்டு, துணி வெட்ட ஆளில்லாம நான்ல முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

அன்று மாலை முழுதும் பின்னறையில் நிம்மதியாக வெட்டிவிட்டு வீடு திரும்பினாள். தங்கை காத்திருந்தாள்.

"இன்னிக்கு நான் பேசப் போறதில்லை," என்றாள் அக்கா. "களைப்பெல்லாம் இல்ல. பேசத் தோணலை, அவ்வளவுதான்."

"ரொம்ப நல்லது. என் புருஷன் அலமாரியைத் தலைகீழா மாட்டின கதையை இனி யாரும் குறுக்க வராம சொல்லலாம்."

அக்கா காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள். தங்கை தொடங்கினாள்.