பாறையடியில் விட்டுவந்த கல்

எங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு கூழாங்கல் இருக்கிறது. புறாமுட்டை அளவு, சாம்பல் நிறம், குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. துறைமுகப் பக்கமிருந்து காற்று வீசும்போது மகனுடைய பள்ளிக்கூடத் தாள்கள் பறக்காமலிருக்க அதைத்தான் வைக்கிறேன். நேற்று என் கணவரின் அண்ணன் வந்திருந்தார். பெரியத்தான் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பையனை லாஞ்சிப் படகில் தீவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். பதில் சொல்வதற்கு முன்பே என் கை அந்தக் கல்லின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கல் கைக்கு வந்தபோது பையனுக்கு நாலு வயது. பெரியத்தான் அலுவலக நண்பர்களையும் அவர்கள் மனைவிமாரையும் சேர்த்து, தாமிரபரணி பிறக்கிற மலைப் பக்கம் ஒருநாள் ஏறி இறங்க ஏற்பாடு செய்தார். என் கணவருக்கு அன்று ஷிப்ட். “அண்ணன் பாத்துக்கிடுவான், போயிட்டு வா” என்றார். குளிர்ந்தால் பையனுக்கு இழுப்பு வரும். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். மூத்தவர் ஆசையாகக் கூப்பிடும்போது மறுப்பது மரியாதையா என்று யோசித்து, கம்பளிச் சட்டையையும் மருந்துப் புட்டியையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டி, அந்தத் தூக்குச் சட்டிகளைப் பெண்கள்தான் மலைமேல் சுமந்தோம். உப்பளத்து வெயிலில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிர் பல்லைக் கிட்டவைத்தது.

வழிகாட்டியாக வந்தவர் அந்த மலையிலேயே குடியிருப்பவர். ஓர் ஓடைக்கரையில், பெரிய பாறையருகே எல்லோரையும் நிறுத்தினார். இதற்குமேல் போகிறவர்கள் ஓடையிலிருந்து ஆளுக்கொரு கல் எடுத்துப் பாறையடியில் வைக்கவேண்டும், திரும்பும்போது அவரவர் கல்லை எடுத்துக்கொண்டு இறங்கவேண்டும் என்றார். “கல்லு இருந்தா ஆளு இன்னும் மேல இருக்குன்னு அர்த்தம்.” சொல்லிவிட்டு, என் மகனுக்கு அழகான கல்லாகத் தேடிக்கொடுக்க ஓடையில் இறங்கினார். அந்த நேரம் பார்த்துத்தான் பெரியத்தான் எங்களிடம் சொன்னார்: “பொம்பளையள் இதுக்கு மேல வரக்கூடாது. மலைக்காரங்க சம்பிரதாயம்.”

சோற்றுச் சட்டிகள் ஆண்கள் கைக்கு மாறின. பெரியத்தான் பையனைத் தூக்கிக்கொண்டார். இழுப்பைப் பற்றிச் சொன்னேன். “ஆம்பளப்பிள்ளையப் பொத்திப் பொத்தி வளக்காதம்மா” என்றார். கம்பளிச் சட்டையை நீட்டினேன், வாங்கவில்லை. அவர் மனைவி, எனக்கு அக்கா முறை, என் முழங்கையைக் கிள்ளினாள். “ஏளா, சும்மா இரு. சம்பிரதாயம்னா சம்பிரதாயந்தான்.”

உட்கார்ந்திருந்தோம். மேலிருந்து மூடுபனி இறங்கி, பாதையை மறைத்தது. வெள்ளைக் கோடு போட்ட அந்தச் சின்னக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடற்கரையில் முத்துக்குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். அக்காளோ தங்கச்சியோ தாலியறுக்கக்கூடாதென்ற பயம் அவன் கையில் இருக்கும் என்று. என் பிள்ளையின் கயிறு யார் கையில் இருக்கிறது? அந்தக் கைக்கு என்ன பயம் இருக்கிறது?

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு பெண் கிழங்குக் கூடையோடு இறங்கிவந்தாள். வழிகாட்டியின் மனைவி. பாறையடியில் குனிந்து ஒரு கல்லை எடுத்து ஓடையில் போட்டாள்.

“நீங்க மேல போகலாமா?” என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். “போகாம கெழங்கு எங்கன கெடைக்கும்?”

“பொம்பளையள் போகக்கூடாதுங்கது உங்க வழக்கம்னு சொன்னாங்களே.”

“எங்க வழக்கம் கல்லு வைக்கது. அதுல ஆம்பளக் கல்லு, பொம்பளக் கல்லுன்னு உண்டா?”

ஓடையில் கைக்குக் கிடைத்த கல்லை எடுத்து, மகனுடைய கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா சேலையைப் பிடித்து இழுத்தாள். “எங்கனளா போற? அவுக ஏசுவாக!” நான் நிற்கவில்லை.

மேலே, காற்று மறைவான ஒரு பள்ளத்தில் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கட்டிய சோறு தின்றதுபோக மீதி கிடந்தது. சற்றுத் தள்ளி வழிகாட்டி தன் போர்வைக்குள் என் பிள்ளையை வைத்திருந்தார். உதடு நீலம் பாரித்து, நெஞ்சு விசிலடித்தது. “அப்பவே கீழ கொண்டுபோறேன்னு சொன்னேம்மா. சார்தான், இந்த ஆட்டம் முடியட்டும்னாரு” என்றார். மருந்தைப் புகட்டி, கம்பளிச் சட்டையை மாட்டி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெரியத்தானிடம் கேட்டேன், யார் வைத்த சம்பிரதாயம் அது என்று. அதுவரை நான் அவர் முன்னால் குரல் உயர்த்தியதில்லை.

கையிலிருந்த சீட்டைக்கூட அவர் கீழே வைக்கவில்லை. “நாலு ஆம்பளையள் நிம்மதியா உக்காரணும்னா மலைமேலதான் பழியப் போடணும்” என்றார். பிறகு நண்பர்களிடம், “நம்ம வீட்டுல சாமி வந்துட்டுடே. விபூதி இருக்கா? மலையேத்தணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை மூச்சுக்குத் திணறும் சத்தம் அந்தச் சிரிப்பில் கேட்கவில்லை.

இறங்கி வந்து மகனுடைய கல்லை எடுத்துக்கொண்டேன். கிழங்குக்காரி இன்னும் அங்கேதான் இருந்தாள். “உங்க கல்லு கெடக்கே. எடுக்கலைன்னா நீங்க மேலயே இருக்கீங்கன்னு ஆயிரும்” என்றாள். இருக்கட்டும் என்றேன்.

அதற்குப்பிறகு கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே பார்த்தாலும் பெரியத்தான் கேட்பார்: “என்னம்மா, சாமி மலையேறிட்டா?” சபையே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஓங்கி வைப்பேன். குடும்பத்துக்குள் ஒரு சிறு பேச்சை இவ்வளவு நாள் மனதில் வைத்திருப்பது சரியா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பிறகு அந்த நீல உதடு நினைவுக்கு வரும்.

நேற்றும் அதையே கேட்டார், காப்பியை ஆற்றிக்கொண்டே.

“ஏறிட்டு அத்தான். இன்னும் எறங்கல. பையன் வரமாட்டான்” என்றேன்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் கணவர் ராத்திரி முகம் கொடுத்துப் பேசவில்லை. பையன் அழுதுகொண்டே தூங்கினான். இப்போது கடல் அமைதியாகத்தான் கிடக்கிறது. அனுப்பச் சம்மதித்திருக்கலாமோ என்று காலையிலிருந்து இரண்டு தடவை நினைத்துவிட்டேன். காற்று எழுந்திருக்கிறது. அவன் வீட்டுப்பாடத் தாள்களை அடுக்கி, அவன் கல்லை மேலே வைத்தேன். என்னுடையது அந்தப் பாறையடியில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.