பூதக்கண்ணாடி கிளப்புக்குப் போன வெள்ளிக்கிழமை

அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று விசாரிக்கும் வேலை. கழுத்துப் பட்டையோடு வந்து உட்கார்ந்தவன் மறுநாள் கால்பந்து ஆடியதைப் பார்த்தவர். தீயில் கருகியதாகச் சொல்லப்பட்ட தையல் மெஷின்கள் மைத்துனன் வீட்டுக் கொட்டகையில் ஜோராக ஓடியதையும் பார்த்தவர். இருபது வருஷத்தில் அந்தக் குணம் எலும்பு வரை இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சிரித்தால், மூன்றாம் நாள் என்ன கேட்கப் போகிறாரோ என்று யோசிப்பார்.

அந்த மாதம் அவர் மேசைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து, முதுகு போய், ஐந்து மாதமாக வேலைக்கு வராத ஒரு கிரேன் ஓட்டுநரைப் பற்றியது. வெள்ளிக்கிழமைதோறும் ஆற்றோரத் தெரு கிளப்புகளில் அவன் ஆட்டம் போடுகிறான் என்று எழுதியிருந்தது.

தலை நரைத்த மனிதர் கிளப்பில் தனியாக நின்றால் எல்லார் கண்ணும் அவர்மேல்தான் விழும். ஜோடியாகப் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மனைவியைக் கூப்பிட்டார். அவள் பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை செய்பவள்.

"எந்தத் தெரு?" என்று கேட்டாள்.

சொன்னார். அவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு "சரி, வரேன்" என்றாள். கிளம்பும்போது கைப்பையில் பஞ்சு எடுத்து வைத்தாள்.

"இது எதுக்கு?"

"காதுக்கு. அங்கெல்லாம் சத்தம் மண்டையப் பொளக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்து வருஷமா பல்லு ராவுற மெஷின் முன்னாடி உக்காந்திருக்கேன். சத்தத்தப் பத்தி எனக்கா தெரியாது?"

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கும் பதில்களைத்தான் அவர் அதிகம் சந்தேகிப்பார்.

முதல் கிளப், மூடிப்போன ஓர் அச்சகத்தின் நிலவறை. சினிமாவிலும் ரேடியோவிலும் கேட்காத பாட்டு. கிதாரைக் கம்பிவலையில் வைத்து இழுத்ததுபோல் ஒரு சத்தம், அடியில் யாரோ கதவை உதைப்பதுபோல் தாளம். கறுப்புச் சட்டைகள், பச்சைத் தலைமுடிகள். நடுவில் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்த ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் அங்கே இல்லை. மனைவி கழிவறைக்குப் போய் வந்தாள். எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. தூணுக்குப் பின்னால், திரைக்கு அப்புறம் இருந்தது அது. அவர் கவனித்தார்.

இரண்டாவது, டயர் கடைக்கு மேல்மாடி. வாசலில் நின்ற தடியன் அவள் மணிக்கட்டில் முத்திரை குத்திக்கொண்டே, "என்னக்கா, இன்னைக்கு லேட்டு?" என்றான்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "உன்னை அக்காங்கிறான்?"

"யாரைப் பாத்தாலும் அப்படித்தான் சொல்லுவான் போல."

"எனக்கு ஒண்ணும் சொல்லலையே."

அவள் படியேறினாள். உள்ளே அவர் ஓட்டுநரைத் தேடவில்லை. யார் யார் தன் மனைவியைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி கையசைத்தாள்.

மூன்றாவது, பழைய ஐஸ் ஃபேக்டரி. அங்கேதான் அவன் இருந்தான். இடது புருவத்தில் தழும்பு, கோப்பில் இருந்த படத்தில் பார்த்த அதே முகம். சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். சட்டைக்கு அடியில் இடுப்புப் பட்டை புடைத்துத் தெரிந்தது. அரை மணி நேரம் ஓர் அடி நகரவில்லை. பிறகு ஏதோ ஒரு பாட்டு தொடங்கியதும் கூட்டமே கூவியது. அவன் இரண்டு கையையும் தூக்கினான். பூதக்கண்ணாடி அந்த நொடியில் போனில் படம் எடுத்துவிட்டார். அடுத்த நொடி அவன் முகம் சுருங்கி, கை தானாக இறங்கி இடுப்பைப் பிடித்தது. அது படத்தில் இல்லை.

அவன் சுவரைப் பிடித்தபடியே மெல்ல அவர்களிடம் வந்தான். "அக்கா! இவர்தான் வீட்டுக்காரரா? அப்ப எனக்கு மாமா!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அக்கா ஆடினா பாத்துக்கிட்டே இருக்கலாம், மாமா. நானும் ஒரு காலத்துல ஆடுவேன். இப்ப காதால ஆடுறதோட சரி. வீட்லயே கெடந்தா பைத்தியம் புடிச்சிரும்."

யாரை விசாரிக்கப் போனாரோ அந்த ஆளே அவரை மாமா என்று கூப்பிட்டது அவர் வேலையில் இதுதான் முதல் தடவை.

இருவரும் காருக்கு வந்தார்கள். கதவைச் சாத்தியதும் கேட்டார்: "எத்தனை நாளா?"

"நாலு வருஷம். எங்க கூடத்துல பல் அச்சுக்கு மாவு பிசையற மேசைல இருக்காளே, அவதான் முதல்ல கூட்டிட்டு வந்தா. நீங்க ராத்திரி யார் வீட்டு வாசல்லயாவது காவல் காக்கறப்ப வருவேன். ஆடுவேன். போயிருவேன். அவ்வளவுதான்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என் வாசல்லயும் வந்து நின்னிருப்பீங்க."

அது சுருக்கென்றது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "நான் வர்றேன்னு அவனுக்கு முன்கூட்டியே சொல்லிட்டியா? அதான் பட்டையெல்லாம் கட்டிட்டு நின்னானா?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "அவன் என்ன வேலை பாக்கறான்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். அங்க யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தாங்க போறதே."

அந்த வாரம் முழுக்க வீட்டில் உப்பு, தண்ணீர் கேட்கிற அளவுக்குத்தான் பேச்சு. அவர் போனிலிருந்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தூக்கிய கை, பின்னால் குதிக்கும் கூட்டம். மேலதிகாரிக்கு அது ஒன்றே போதும். ஒருவன் சோற்றில் மண் விழும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வேறு வேலை என்று சொல்லிவிட்டு, ஐஸ் ஃபேக்டரிக்கு எதிரே காரை நிறுத்தி உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு ஓட்டுநர் வந்தான். யாரும் பார்ப்பதாக அவனுக்குத் தெரியாது. வாசலில் இருந்த ஏழு படிகளை ஏற, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினான். இப்படி ஒரு நடிப்பை ஆளில்லாத தெருவில் எவனும் நடிக்க மாட்டான். அவர் போனை எடுத்துப் படத்தை அழித்தார். "ஆடவில்லை, ஆடும் நிலையில் இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதினார்.

வேலை முடிந்தது. ஆனால் கிளம்பவில்லை.

பத்து நிமிஷத்தில் மனைவி வந்தாள், கூடத்துத் தோழியோடு. எதற்கோ இருவரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. கதவு திறந்து மூடும்போதெல்லாம் ஒரு துண்டுப் பாட்டு வெளியே விழுந்தது. யாரோடு ஆடுகிறாள், எப்படி ஆடுகிறாள், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வெளியே வந்தாள். நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. தோழியை அனுப்பிவிட்டு நேராகத் தெருவைக் கடந்து வந்து, முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"வரும்போதே. முன்விளக்கு ஒண்ணு நசுங்கி, நம்பர் பலகையும் ஒரு பக்கம் தொங்கற காரு ஊர்ல வேற யாருகிட்ட இருக்கு?"

"தெரிஞ்சுமா உள்ள போன?"

"தெரிஞ்சுதான் போனேன். ஆடத்தானே வந்தேன்?"

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "அவன் கேஸை முடிச்சிட்டேன். அவன் பொய் சொல்லல."

"நானு?"

வெகுநேரம் யோசித்தார். பொய் சொல்லி ஒப்பேற்ற அவருக்கு வரவில்லை.

"பாதி நம்பறேன்" என்றார்.

பெற்ற தாயைக்கூட அவர் அவ்வளவு நம்பியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கோபப்படுவதா சிரிப்பதா என்று ஒரு கணம் தடுமாறி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டிய எடுங்க. பசிக்குது" என்றாள்.